இழுபறி ஆட்டமா? அசைக்க முடியாத அணியா?



இந்த மாதம் நம் சுவர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதப் போவது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி. "நம்ம ஸ்கூல்ல கூடைப்பந்து வளையமே கிடையாது, இவ அமெரிக்காவுக்குப் போயிட்டா" என்று சிரிக்காதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் கபடி அணி 38-6 என்று தோற்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அணியில் நானும் ஆடினேன். ஆட்டம் பாதி ஆனபோதே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து, பக்கத்தில் நடந்த கோ-கோ பார்க்கப் போயிட்டாங்க. தோற்றதை விட எனக்கு அதுதான் வலித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோழி சொன்னாள்: "ஒரே பக்கமா போற ஆட்டத்தை யார் பார்ப்பா? இழுபறியா இருந்தாத்தான் அது ஆட்டம். அடுத்த வருஷம் நான் பேர் கொடுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து என் பெரியப்பா மகனிடம் இதைச் சொன்னேன். அந்த அண்ணன் டவுனில் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவர். அவர் நேர் எதிராகப் பேசினார். "அப்படி இல்ல பாப்பா. பலமான டீம் ஆடுறதைப் பார்க்கிறதே தனி அழகு. ஜெயிக்கிறவங்க எப்படி ஜெயிக்கிறாங்கன்னு பாரு" என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மொபைலில் பழைய அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை எடுத்துக் காட்டினார். நான் ஒரு நோட்டில் தேதி, புள்ளி எல்லாம் குறித்துக்கொண்டேன்.

தோழி சொன்னது சரியா, அண்ணன் சொன்னது சரியா? அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தது. ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் விளையாட ஒரு ஆட்டம் வேண்டுமென்று இதைக் கண்டுபிடித்தார். பீச் பழக் கூடைகளைச் சுவரில் மாட்டினார்களாம். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து விழும்போதெல்லாம் யாராவது ஏறி எடுக்க வேண்டுமாம்! அதனால்தான் இன்றும் 'கூடை'ப்பந்து என்கிறோம்.

ஒரு அணிக்கு 5 பேர். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரம். பக்கத்திலிருந்து போட்டால் 2 புள்ளி. தூரத்தில் உள்ள கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் 3 புள்ளி. தப்பாட்டத்துக்குக் கிடைக்கும் தனி எறிக்கு 1 புள்ளி. ஆட்ட நேரம் முடிவதற்குள் பந்து கையை விட்டுப் புறப்பட்டுவிட்டால், ஒலி அடித்த பிறகு உள்ளே விழுந்தாலும் கணக்கில் சேரும். இந்த ஒரு விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அமெரிக்காவில் கல்லூரி ஆட்டங்களுக்குப் பெரிய கூட்டம் கூடுகிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தேசியப் போட்டி தொடங்கும். ஆண்களில் 68 அணி, பெண்களில் 68 அணி. ஒரு தடவை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மறு வாய்ப்பே கிடையாது. நம் குறுவட்டப் போட்டி மாதிரியேதான்!

இழுபறிக் கட்சி

என் தோழியின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அவளுக்கு நல்ல சாட்சி இருக்கிறது.

2016 ஏப்ரல் 4. ஆண்கள் இறுதி ஆட்டம். வில்லனோவா அணியும் வட கரோலினா அணியும் மோதின. கடைசி நிமிடத்தில் வில்லனோவா 3 புள்ளி முன்னால் இருந்தது. வட கரோலினாவின் மார்கஸ் பெய்ஜ் அந்தரத்தில் இருந்தபடியே, தடுக்க வந்தவரைத் தாண்டுவதற்காக உடம்பை வளைத்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டார். உள்ளே விழுந்தது! 74-74. மீதி இருந்தது 4.7 விநாடி.

4.7 விநாடியில் என்ன செய்ய முடியும்? நாம் ஒரு தும்மல் தும்மி மூக்கைத் துடைப்பதற்குள் போய்விடும். வில்லனோவா வீரர் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி, பின்னால் வந்த கிறிஸ் ஜென்கின்ஸிடம் கொடுத்தார். ஜென்கின்ஸ் எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே ஒலி அடித்தது. பந்து உள்ளே விழுந்தது. 77-74. நான் சொன்ன விதி இதுதான். ஆட்டம் முடிந்த பிறகு வந்த புள்ளியால் கோப்பை கைமாறியது.

பார்த்தபோது என் கையில் இருந்த டீ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய ஆட்டம், முடிவும் எனக்குத் தெரியும், இருந்தும் நெஞ்சு படபடத்தது. "சரி, தோழிதான் ஜெயித்தாள்" என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

12-10 என்று ஒரு ஆட்டம்

"அவசரப்படாதே" என்று அண்ணன் இன்னொரு ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். 1968 மார்ச். வட கரோலினா ஸ்டேட் என்ற அணியும் டியூக் அணியும் ஒரு அரையிறுதியில் மோதின. அதன் முடிவு 12-10. ஒரு ஆளின் புள்ளி அல்ல, முழு அணியின் புள்ளி! 40 நிமிட ஆட்டத்தில் இவ்வளவுதான். பாதி ஆட்டம் முடிந்தபோது 4-2.

எப்படி இது நடந்தது? அன்றைக்கு ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில், ஒரு அணி எவ்வளவு நேரத்துக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற விதி கிடையாது. டியூக் பலமான அணி. அதனால் வட கரோலினா ஸ்டேட் வீரர்கள் பந்தை வளையத்துக்குக் கொண்டு போகாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். பந்து எதிரியிடம் போனால்தானே புள்ளி எடுப்பான்? நம் ஊரில் குண்டு விளையாடும்போது, ஜெயித்த குண்டை டவுசர் பையில் போட்டுக்கொண்டு "அம்மா கூப்பிடுறாங்க" என்று சொல்வானே ஒருத்தன், அந்த மாதிரி!

வித்தியாசம் 2 புள்ளிதான். கடைசி வரைக்கும் யார் ஜெயிப்பார் என்று தெரியாது. என் தோழியின் கணக்குப்படி இது மிகச் சிறந்த ஆட்டமாக இருக்க வேண்டும். ஆனால் இதை உட்கார்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

இந்தத் தந்திரத்தை ஒழிக்கத்தான் பிறகு 'ஷாட் கிளாக்' என்ற கடிகாரம் வந்தது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 1985-86 முதல் 45 விநாடிக்குள் எறிய வேண்டும் என்று வைத்தார்கள். அது 35 ஆகி, 2015-16 முதல் 30 விநாடி ஆகிவிட்டது. பெண்கள் ஆட்டத்தில் 1970களிலேயே 30 விநாடி விதி இருந்தது. பெண்கள்தான் முந்தி! ஆக, புள்ளி நெருக்கமாக இருந்தால் மட்டும் போதாது என்பது எனக்குத் தெளிந்தது.

பலசாலிக் கட்சி

இப்போது அண்ணனின் கட்சி. அவருடைய பெரிய சாட்சி யு.சி.எல்.ஏ. என்ற லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம். ஜான் வுடன் என்ற பயிற்சியாளரின் கீழ் அந்த ஆண்கள் அணி 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை தேசியக் கோப்பை வாங்கியது. அதில் 1967 முதல் 1973 வரை தொடர்ந்து 7! ஒரு கட்டத்தில் 88 ஆட்டம் தோற்காமல் ஆடியது.

அந்த அணியில் லூ அல்சிண்டர் என்று ஒரு மாணவர். உயரம் 7 அடிக்கு மேல். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் இவர்தான். இவர் ஆடிய காலத்தில், 1967இல், பந்தை வளையத்துக்குள் கையாலேயே திணிக்கும் 'டங்க்' முறையைக் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். அந்தத் தடை 1976 வரை நீடித்தது. அல்சிண்டரைக் கட்டுப்படுத்தத்தான் அந்தத் தடை என்று பலர் பேசினார்கள். அப்படியும் அவர் அணிதான் ஜெயித்தது.

இப்படி ஒரே அணி ஜெயித்துக்கொண்டே இருந்தால் மக்களுக்கு அலுத்துப்போகாதா? இங்கேதான் ஆச்சரியம். 1968 ஜனவரி 20. யு.சி.எல்.ஏ. தொடர்ந்து 47 ஆட்டம் ஜெயித்திருந்த நேரம். அதை எதிர்த்து ஹூஸ்டன் அணி, ஆஸ்ட்ரோடோம் என்ற பெரிய மைதானத்தில் ஆடியது. அது பேஸ்பால் ஆடும் இடம். நடுவே கூடைப்பந்துத் தரையை விரித்தார்கள். வந்த கூட்டம் 52,693 பேர்! தொலைக்காட்சியிலும் நாடு முழுக்க ஒளிபரப்பினார்கள். ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸ் தனியாக 39 புள்ளி எடுத்தார். ஹூஸ்டன் 71-69 என்று ஜெயித்தது. யானைக்கும் அடி சறுக்கியது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆட்டம் நடந்தது 1968 ஜனவரியில். 12-10 ஆட்டம் நடந்தது அதே 1968 மார்ச்சில். இரண்டிலும் வித்தியாசம் 2 புள்ளிதான்! ஒன்றுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். இன்னொன்றை இன்றைக்கு வேடிக்கைக்குத்தான் சொல்கிறார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறது? புள்ளிப் பலகையில் இல்லை.

அறுபது புள்ளியும் இரண்டு புள்ளியும்

அடுத்து நான் எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2013 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு கோப்பை வாங்கியது. 2014 நவம்பரில் ஒரு ஆட்டம் தோற்றது. அதற்குப் பிறகு 111 ஆட்டம் தோல்வியே இல்லை. கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஆண், பெண் யாருமே இவ்வளவு தொடர்ந்து ஜெயித்ததில்லை.

2016 மார்ச்சில், தேசியப் போட்டியில் மிசிசிப்பி ஸ்டேட் என்ற அணி இவர்களிடம் மாட்டியது. முடிவு 98-38. அறுபது புள்ளி வித்தியாசம்! அதைப் பார்த்த ஒரு பத்திரிகையாளர், இந்த அணி பெண்கள் ஆட்டத்தையே கெடுக்கிறது, பார்க்கவே சுவாரசியம் இல்லை என்ற கருத்தில் எழுதினார். கனெக்டிகட் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா விடவில்லை. பிடிக்காதவர்கள் பார்க்க வேண்டாமே என்றார். டைகர் வுட்ஸ் கோல்ஃபில் ஜெயித்துக்கொண்டே இருந்தபோது யாரும் அவரால் கோல்ஃப் கெட்டது என்று சொல்லவில்லை, அவரால் மற்றவர்கள்தான் தங்கள் ஆட்டத்தை உயர்த்திக்கொண்டார்கள் என்றும் பதில் சொன்னார்.

படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெயிக்கிறவர் சுலபமாகச் சொல்லிவிடுவார். அறுபது புள்ளியில் தோற்ற பெண்கள் அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பார்களா? நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆனால் கதை முடியவில்லை. ஒரே வருஷம் கழித்து, 2017 மார்ச் 31 அன்று, டல்லாஸ் நகரில் அரையிறுதி. அதே கனெக்டிகட். அதே மிசிசிப்பி ஸ்டேட். கனெக்டிகட் 111 வெற்றியோடு வந்தது. ஆனால் முதல் பாதி முடிந்தபோது மிசிசிப்பிதான் முன்னால் இருந்தது! கனெக்டிகட் விடாமல் துரத்திச் சமன் செய்தது. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதிலும் 64-64. மிசிசிப்பியின் மார்கன் வில்லியம் பந்தை எடுத்தார். உயரம் 5 அடி 5 அங்குலம்தான். கூடைப்பந்தில் அது குள்ளம். தன்னை விட உயரமானவர் கை நீட்டித் தடுக்க, எகிறி எறிந்தார். ஒலி அடிக்கும்போது பந்து உள்ளே போனது. 66-64.

அறுபது புள்ளியில் தோற்றவர்கள் இரண்டு புள்ளியில் ஜெயித்தார்கள்!

நான் கட்டிலில் இருந்து குதித்தே விட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து "என்னடி ஆச்சு?" என்று ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு இனிக்கிறது? 66-64 என்பதால் மட்டுமா? இரண்டு சாதாரண அணிகள் 66-64 என்று ஆடினால் அன்றைக்குக் கைதட்டிவிட்டு மறந்துவிடுவோம். 111 என்ற மலை முன்னால் நின்றதால்தான் அந்த 2 புள்ளிக்கு அவ்வளவு மதிப்பு. மலையைக் கட்டியது கனெக்டிகட். ஏறியது மிசிசிப்பி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த ஆட்டம் கிடையாது.

உண்மையை மறைக்கக் கூடாது. இரண்டு நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தில் மிசிசிப்பி, தென் கரோலினாவிடம் 67-55 என்று தோற்றது. சினிமாவாக இருந்தால் ஜெயித்திருக்கும். இருந்தாலும் 2017 என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது மார்கன் வில்லியம் எறிந்த பந்துதான்.

நெருக்கமே இல்லாத அதிசயம்

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. நெருக்கமாக முடியாத ஆட்டம் சுவையாக இருக்குமா?

தேசியப் போட்டியில் அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தர எண் கொடுப்பார்கள். முதல் ஆட்டத்தில் 1ஆம் எண் அணி 16ஆம் எண் அணியோடு மோதும். ஆண்களில் 1985 முதல் இப்படி நடந்த 135 ஆட்டங்களிலும் 1ஆம் எண் அணியே ஜெயித்திருந்தது. 2018 மார்ச் 16 அன்று வர்ஜீனியா 1ஆம் எண். யு.எம்.பி.சி. என்ற மேரிலாந்து மாநில அணி 16ஆம் எண். பாதி ஆட்டத்தில் 21-21. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிவில் யு.எம்.பி.சி. 74-54 என்று ஜெயித்தது. இருபது புள்ளி! ஒரே பக்கமாகத்தான் போனது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏனென்றால் இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

தோற்ற வர்ஜீனியா என்ன ஆனது தெரியுமா? அடுத்த வருஷம், 2019இல், அதே வர்ஜீனியா தேசியக் கோப்பையை வாங்கியது. இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 85-77.

உங்களுக்குத் தெரியுமா? பெண்கள் போட்டியில் 16ஆம் எண் அணி 1ஆம் எண் அணியை ஜெயித்தது அதற்கு 20 வருஷம் முன்னாலேயே, 1998இல். ஹார்வர்டு 71, ஸ்டான்ஃபோர்டு 67. இதிலும் பெண்கள்தான் முந்தி!

இன்னொரு கணக்கு. 2024 பெண்கள் இறுதி ஆட்டம். தென் கரோலினா அந்த வருஷம் ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை. 38க்கு 38 வெற்றி. எதிரே அயோவா அணியில், கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஆண், பெண் எல்லோரையும் விட அதிகப் புள்ளி எடுத்த கெய்ட்லின் கிளார்க். முடிவு 87-75. பெரிய இழுபறி இல்லை. ஆனால் அமெரிக்காவில் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். ஆண்கள் இறுதி ஆட்டத்தை விடப் பெண்கள் இறுதி ஆட்டத்தை அதிகம் பேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. யானையும் யானையும் மோதினால் கூட்டம் வரத்தானே செய்யும்?

என் தீர்ப்பு

நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

ஆட்டத்தைச் சுவையாக்குவது புள்ளி வித்தியாசம் இல்லை. 'இனி என்ன நடக்குமோ' என்ற கேள்வி உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கேள்வி செத்தவுடன் நாம் எழுந்து போய்விடுகிறோம். 12-10 ஆட்டத்தில் யாரும் எதுவும் செய்ய முயலாததால் கேள்வி செத்தது. 98-38இல் எதிர்க்க ஆள் இல்லாததால் செத்தது. 66-64இல் கடைசி நொடி வரை உயிரோடு இருந்தது.

பலமான அணி எதற்கு வேண்டும்? கேள்வியைப் பெரிதாக்க. எல்லா அணியும் ஒரே உயரமாக இருந்தால் யார் யாரை ஜெயித்தாலும் செய்தி இல்லை. இழுபறி எதற்கு வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை சீக்கிரம் கிடைத்துவிடாமல் இருக்க. குழம்புக்குப் புளி வேண்டுமா, உப்பு வேண்டுமா என்று கேட்டால் என்ன சொல்வது? எனவே தோழியும் பாதி சரி, அண்ணனும் பாதி சரி.

இன்னொன்றும் புரிந்தது. நம் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. நாங்கள் முதல் லோனா விழுந்ததுமே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம். பாடிப் போகிறவள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். நானும் அப்படித்தான் வந்தேன். கேள்வியை நாங்களே கொன்றுவிட்டோம். அந்தப் பள்ளி பலமான அணி என்பது அவர்கள் தப்பு இல்லை.

பி.இ.டி. சார் அடுத்த ஆண்டு அணிக்கு 12 பேர் கேட்டிருக்கிறார். நோட்டீஸ் போர்டில் போய்ப் பாருங்கள். இதுவரை 8 பேர்தான். என் தோழியின் பெயர் இல்லை. நம் அணியில் அவளை மாதிரி காலைப் பிடிக்கிறவள் யாரும் கிடையாது. இதை அவளிடம் நேரில் சொன்னால் அழுகை வந்துவிடும். அதனால் சுவரில் எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் ஜெயிப்போம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 38-6ஐ 30-20 ஆக்கினால் கூடப் போதும். பார்க்க வந்தவர்கள் கோ-கோ பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தால் போதும். மிச்சத்தை அதற்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியலில் இன்னும் 4 கோடு காலியாக இருக்கிறது. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இழுபறியா, பலசாலியா? உங்கள் கருத்தையும் கீழே ஒட்டியுள்ள வெள்ளைத் தாளில் எழுதுங்கள். நல்ல பதில் அடுத்த இதழில் வரும். தயவுசெய்து படம் வரையாதீர்கள்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கபடி அணி, சட்டை எண் 4